4 + 4 = 8 ஆகுமா? போன் கடை ரேம் கணக்கு

பேசும்போது வந்த இழுவை, திரும்பத் திரும்பச் சொன்னது எல்லாத்தையும் வெட்டிட்டு, இந்த எபிசோடை எழுத்துல குடுத்திருக்கேன். காதுல கேக்க நேரமில்லாதவங்க படிச்சுக்கலாம்.

இன்னைக்கு விஷயம் ஒரு கூட்டல் கணக்கு. எந்த ஊர் போன் கடைக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குற போன் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். "4 ஜிபி + 4 ஜிபி = 8 ஜிபி ரேம்". விலை கொஞ்சம் ஏறினா "8 + 8 = 16". முதல் நம்பர் நிஜமான ரேம், தனி சிப்பா போனுக்குள்ள இருக்கு. ரெண்டாவது நம்பர்தான் விர்ச்சுவல் ரேம். அது எங்கிருந்து வருதுன்னா, நம்ம போட்டோ, வீடியோ, வாட்ஸ்அப் குட் மார்னிங் படம் எல்லாம் கிடக்குதே, அதே ஸ்டோரேஜ்ல இருந்து.

2021 வாக்குலதான் இது பரவலா வந்துச்சு. சாம்சங் இதை ரேம் பிளஸ்னு சொல்லும். விவோ எக்ஸ்டெண்டட் ரேம்னும், ரியல்மீ டைனமிக் ரேம் எக்ஸ்பான்ஷன்னும், ஷாவ்மி மெமரி எக்ஸ்டென்ஷன்னும் பேர் வெச்சாங்க. பேர் வேற வேற, உள்ள இருக்குற யோசனை ஒண்ணுதான்.

இது சுத்த ஏமாத்து வேலைன்னு ஒரு கூட்டம் சொல்லும். இதை ஆன் பண்ணா போன் பறக்கும்னு இன்னொரு கூட்டம் வீடியோ போடும். என் பதில் இதுதான்: விர்ச்சுவல் ரேம் உங்க போனை வேகமாக்காது. உங்க போனோட மறதியைக் குறைக்கும். வேகம் வேற, மறதி வேற. இந்த வித்தியாசம் புரிஞ்சா பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் மிச்சமாகலாம். எப்படின்னு சொல்றேன்.

எங்க ஊர் நாங்குநேரி. திருநெல்வேலியில இருந்து நாகர்கோவில் போற நாலுவழிச் சாலையில வரும். அங்க எங்க சித்தி ஒரு சின்னப் பலசரக்குக் கடை வெச்சிருக்காங்க. அவங்க போன்ல 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். கடைக்கு யுபிஐ, மொத்தக் கடைக்கு ஆர்டர் போட வாட்ஸ்அப், ராத்திரி சீரியல், எல்லாம் அதுலதான். சித்தி பொண்ணு, என் தங்கச்சி, காலேஜ் முதல் வருஷம். அவளுக்குன்னு தனி போன் கிடையாது.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி அவ ஒரு உதவித்தொகைக்கு அப்ளிகேஷன் போட்டா. போன் பிரவுசர்லயே ஃபார்ம். பேர், ரிஜிஸ்டர் நம்பர், பேங்க் விவரம்னு வரிசையா நிரப்பிட்டு, கடைசியில வருமானச் சான்றிதழைப் போட்டோ எடுத்து ஏத்தணும். பட்டனைத் தட்டினா கேமரா திறக்குது, போட்டோ எடுக்குறா, திரும்பி வந்து பார்த்தா ஃபார்ம் காலி. முதல்ல இருந்து நிரப்பணும். மூணு தடவை இப்படி. கடைசித் தேதிக்கு ரெண்டு நாள்தான் பாக்கி.

சித்தி எனக்குப் போன் பண்ணாங்க. "எய்யா, இந்தப் போனு அவ்வளவுதான் போலிருக்கு. கடைக்காரத் தம்பி 16 ஜிபி போனு ஒண்ணு காட்டுதான். மாசம் ஆயிரத்துச் சொச்சம் கட்டுனாப் போதுமாம். எடுத்துரவா?"

"இருங்க சித்தி, அந்த ஸ்டிக்கரை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னு சொன்னேன். வந்துச்சு. 8 + 8.

இப்ப அந்த ஃபார்ம் ஏன் காணாமப் போச்சுன்னு பார்ப்போம். அது தெரிஞ்சாத்தான் அந்த ரெண்டாவது 8-க்கு என்ன மதிப்புன்னு தெரியும்.

எங்க பக்கத்து ஆட்களுக்குச் சுலபமாப் புரியுற மாதிரி சொல்றேன். வயல் இருக்கு, குளம் இருக்கு, தூரத்துல அணை இருக்கு. மணிமுத்தாறு அணையில இருந்து கால்வாய் வழியா நாங்குநேரி வட்டாரக் குளங்களுக்குத் தண்ணி வரும். குளத்துல தண்ணி கிடந்தா மடையைத் திறந்த உடனே வயலுக்குப் பாயும். அணையில 118 அடிக்குத் தண்ணி நின்னாலும், அது கால்வாய்ல வந்து குளத்துல விழுறவரைக்கும் நம்ம வயலுக்கு அது தண்ணி இல்ல. உங்க போன்ல புராசஸர்தான் வயல், ரேம்தான் குளம், ஸ்டோரேஜ்தான் அணை. "குளம் 4, அணையில 4, ஆக மொத்தம் குளத்துல 8"ன்னு ஒருத்தர் போர்டு எழுதி வெச்சா ஊர்க்காரங்க சிரிப்பாங்க. ஆனா போன் கடையில நாம சிரிக்கிறதில்ல.

அதுக்காக இந்த யோசனையே மோசம்னு அர்த்தமில்ல. இது ஸ்மார்ட்போன் காலத்து யோசனையும் இல்ல. இங்கிலாந்துல மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல 1962-ல அட்லஸ்னு ஒரு கம்ப்யூட்டர் ஓட ஆரம்பிச்சது. அதுல வேகமான மெமரி ரொம்பக் கொஞ்சம், விலையும் யானை விலை. அதைவிடப் பல மடங்கு இடம், ஆனா மெதுவா, சுத்துற காந்த டிரம்ல இருந்துச்சு. புரோகிராமருக்கு ரெண்டும் சேர்ந்து ஒரே பெரிய மெமரி மாதிரித் தெரியும்படி அந்தக் குழு வடிவமைச்சது. மெமரியைச் சின்னச் சின்னப் பக்கங்களா வெட்டிக்கிட்டாங்க. இப்பத் தேவைப்படுற பக்கம் வேகமான இடத்துல, மத்தது டிரம்ல. கேக்கும்போது மாத்திக்கலாம். விர்ச்சுவல் மெமரியோட ஆரம்பம் அதுதான்.

உங்க போன்லயும் ஒவ்வொரு ஆப்பும் தனக்குன்னு ஒரு பெரிய மெமரி இருக்குறதாத்தான் நெனச்சுக்கிட்டு ஓடுது. நிஜத்துல எந்தப் பக்கம் எங்க இருக்குன்னு கணக்கு வெச்சுக்கிறது ஆப்பரேட்டிங் சிஸ்டம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்ல ஒரு பக்கம்னா 4 கேபி. ஆக, விர்ச்சுவல் மெமரி எல்லாப் போன்லயும் எப்பவும் இருக்கு. ஸ்டிக்கர்ல இருக்குறது அதோட ஒரு துண்டு மட்டும்தான்: ரேம்ல இடம் பத்தாதப்போ பக்கங்களை ஸ்டோரேஜுக்குத் தள்ளி விடுறது. எங்க மொழியில இதுக்கு ஸ்வாப்னு பேர்.

சரி, ரேம் நிரம்பினா ஆண்ட்ராய்டு என்ன பண்ணும்? மூணு வேலை பண்ணும்.

முதல் வேலை, தூக்கிப் போட்டாலும் நஷ்டமில்லாததைத் தூக்கிப் போடும். ஆப்போட புரோகிராம் கோடு எப்படியும் ஸ்டோரேஜ்ல ஒரு பிரதி இருக்கு. ரேம்ல இருக்குறதை அழிச்சுட்டு, தேவைப்பட்டா திரும்பப் படிச்சுக்கும்.

ரெண்டாவது வேலை, அழுத்திச் சுருக்கும். ஊர்ல கொடை வருது, வீடு நிறைய சொந்தக்காரங்க. பகல்ல பாயை எல்லாம் சுருட்டி மூலையில நிறுத்திருவோம்ல? அறை பெருசாகல, ஆனா நடக்க இடம் கிடைச்சிருச்சு. அதே மாதிரி, கொஞ்ச நேரமாத் தொடாத பக்கங்களைச் சுருக்கி ரேமுக்குள்ளயே ஒரு மூலையில வைக்கும். இதுக்கு இசட்ரேம்னு பேர். இதை எழுதினவர் நிதின் குப்தா. கம்ப்கேஷ்ங்கிற பேர்ல ஆரம்பிச்ச இந்த வேலை, 2014-ல வந்த லினக்ஸ் 3.14-ல முறைப்படி சேர்ந்துச்சு. 512 எம்பி ரேம்லயும் ஓடணும்னு குறிவெச்சு 2013-ல வந்த ஆண்ட்ராய்டு 4.4-லயே இதுக்கு இடம் குடுத்துட்டாங்க. அதாவது, விர்ச்சுவல் ரேம் ஸ்டிக்கர் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே, சத்தமில்லாம உங்க போன் இந்த வேலையைப் பார்த்துக்கிட்டுதான் இருந்துச்சு.

மூணாவது வேலை, கொல்லும். இதுக்குன்னே லோ மெமரி கில்லர்னு ஒரு ஆள் உள்ள உக்காந்திருக்கு. ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு மார்க் போட்டு வெச்சிருக்கும். திரையில நீங்க பார்த்துக்கிட்டிருக்குற ஆப் ரொம்ப முக்கியம். பாட்டு ஓடிக்கிட்டிருக்குற ஆப்பும் முக்கியம். கொஞ்ச நேரம் முன்னாடி பார்த்துட்டு விட்டது அவ்வளவு முக்கியமில்ல. இடம் பத்தலைன்னா மார்க்ல கீழ இருக்குறது முதல்ல போகும்.

தங்கச்சி ஃபார்ம் கதை இங்கதான் முடிச்சு அவிழுது. கேமரா பட்டனைத் தட்டின நொடியில பிரவுசர் பின்னால போயிருச்சு. கேமரா ஆப் ரேமை வாரிக்கிட்டுத் திறக்கும், ஏன்னா ஒவ்வொரு படத்தையும் முழு அளவுல பிடிச்சு வெச்சு அலசணும். ஏற்கெனவே 4 ஜிபி முட்டி நிக்குது. கில்லர் வந்து பார்த்துச்சு, பின்னால நிக்குற பிரவுசரை முடிச்சிருச்சு. அவ திரும்பி வரும்போது பிரவுசர் புதுசாத் திறந்து பக்கத்தை மறுபடி லோடு பண்ணுது. அவ டைப் பண்ணது எல்லாம் ரேம்ல மட்டும்தான் இருந்துச்சு, அது போயிருச்சு. பேங்க் ஆப்ல ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போயிட்டு வந்தா லாகின்ல இருந்து ஆரம்பிக்குதே, சில சமயம் அதுக்கும் காரணம் இதுதான்.

இப்ப விர்ச்சுவல் ரேமை ஆன் பண்ணா என்ன மாறும்? மூணாவது வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நடுவுல ஒரு படி கூடும். ரொம்ப நேரமாத் தொடாத பக்கங்களை ஸ்டோரேஜுக்கு அனுப்பி வைக்கும். குளம் நிரம்பினா மறுகால் பாஞ்சு அடுத்த குளத்துக்குப் போற மாதிரி. அதனால கில்லருக்கு வேலை குறையும், பின்னால இருக்குற ஆப் உயிரோட இருக்கும். இதைத்தான் மறதி குறையும்னு சொன்னேன்.

இதுக்கு விலை என்ன? அங்கதான் நம்பர் வருது. ரேம்ல ஒரு தகவலை எட்டிப் பிடிக்க ஏறக்குறைய 100 நானோ நொடி ஆகும். ஃபிளாஷ் ஸ்டோரேஜ்ல 100 மைக்ரோ நொடி அளவுல ஆகும். ஆயிரம் மடங்கு. பக்கத்துக் கடைக்குப் போயிட்டு வர ஒரு நிமிஷம்னு வெச்சுக்கோங்க. இது ஆயிரம் நிமிஷம், கிட்டத்தட்ட 17 மணி நேரம். அந்த நேரத்துல நாங்குநேரியில பஸ் ஏறினவன் சென்னையில இறங்கிக் குளிச்சு சாப்பிட்டுட்டே இருப்பான்.

அதுலயும் ஸ்டோரேஜ் எல்லாம் ஒண்ணு இல்ல. விலை குறைஞ்ச போன்ல இஎம்எம்சி இருக்கும். அதோட 5.1 பதிப்புல உச்சபட்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. கொஞ்சம் மேல போனா யுஎஃப்எஸ். யுஎஃப்எஸ் 2.2-க்குக் காகிதத்துல நொடிக்கு 1,200 எம்பி வாக்குல வரும். இதெல்லாம் பெரிய ஃபைலை வரிசையாப் படிக்கிற கணக்கு. ஸ்வாப் அப்படிக் கேக்காது. இங்க ஒரு 4 கேபி, அங்க ஒரு 4 கேபின்னு சிதறிக் கேக்கும். அப்ப இஎம்எம்சி இன்னும் திணறும். ரேம் பக்கம் பார்த்தா, விலை குறைஞ்ச போன்ல கூட நொடிக்கு 10 ஜிபிக்கு மேல போகும்.

இதுல இருக்குற அநியாயத்தைக் கவனிங்க. விர்ச்சுவல் ரேம் யாருக்கு அதிகமாத் தேவை? 3 ஜிபி, 4 ஜிபி போன் வெச்சிருக்குறவங்களுக்கு. அவங்க போன்லதான் மெதுவான ஸ்டோரேஜும் இருக்கும். 12 ஜிபி ரேமும் வேகமான யுஎஃப்எஸ்ஸும் இருக்குற போன்ல இது அருமையா ஓடும், ஆனா அங்க இதுக்கு வேலையே இல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. திரையில ஓடுற ஆப்புக்கே ரேம் பத்தலைன்னா, பக்கங்களை உள்ள இழுக்கவும் வெளிய தள்ளவுமே நேரம் போயிரும், உருப்படியான வேலை நடக்காது. இதுக்கு திராஷிங்னு பேர். பீட்டர் டென்னிங்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1968-லயே இதைப் பத்தித் தெளிவா எழுதிட்டார். ஒரு வேலை அந்த நேரத்துல சுறுசுறுப்பாத் தொடுற பக்கங்கள் மொத்தமும் நிஜ மெமரிக்குள்ள அடங்கணும், இல்லன்னா வேகம் படு பாதாளத்துக்குப் போயிரும். அதனாலதான் சொல்றேன், பெரிய கேம் ஒண்ணு 4 ஜிபிக்குள்ள மூச்சு முட்டுதுன்னா, ஸ்டோரேஜ்ல இன்னொரு 4 ஜிபி ஒதுக்கி அதைக் காப்பாத்த முடியாது.

தேய்மானமும் இருக்கு. ஃபிளாஷ்ல ஒவ்வொரு இடத்துலயும் இத்தனை தடவைதான் அழிச்சு எழுத முடியும்னு ஒரு கணக்கு உண்டு. ரெண்டு வருஷத்துல போன் செத்துரும்னு பயமுறுத்த மாட்டேன், ஆனா இது இனாமும் இல்ல. சுருக்கி வெச்ச பக்கங்கள்ல ரொம்பப் பழசை மட்டும் ஸ்டோரேஜுக்கு அனுப்புற வசதி இசட்ரேம்லயே பின்னாடி வந்துச்சு. நல்லா செஞ்ச போன்ல அந்த மாதிரி அளந்துதான் எழுதுவாங்க. விலை உயர்ந்த கருவிக்கும் இந்த யோசனை போயிருக்கு. ஆப்பிள் 2022-ல ஐபேட்ஓஎஸ் 16-ல, எம்1 சிப் இருக்குற ஐபேடுகளுக்கு ஸ்வாப் குடுத்தாங்க. அங்கயும் 64 ஜிபி ஐபேட் ஏர்க்குக் குடுக்கல. வேகமான, தாராளமான ஸ்டோரேஜ் இருந்தாத்தான் இது சரிவரும்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

சரி, சித்தி வீட்டுக்கு வருவோம். அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனேன். முதல்ல ஃபார்ம். அதுக்கு விர்ச்சுவல் ரேமே தேவைப்படல. தங்கச்சிகிட்ட, "நீ முதல்ல கேமராவைத் தனியாத் திறந்து சான்றிதழைப் போட்டோ எடுத்து வெச்சுக்கோ. எல்லா ஆப்பையும் மூடு. அப்புறம் பிரவுசரைத் திறந்து ஃபார்மை நிரப்பு. ஏத்துற இடத்துல கேமராவைத் தட்டாத, கேலரியில இருந்து எடு"ன்னு சொன்னேன். ஒரே தடவையில அப்ளிகேஷன் போயிருச்சு.

அப்புறம் சோதனைக்காக, ஸ்டோரேஜைப் பார்த்தோம். 64 ஜிபியில மூச்சு விட இடமில்ல, வாட்ஸ்அப் வீடியோ மட்டுமே மலையாக் கிடந்துச்சு. ஃபிளாஷ் நிரம்பி வழியும்போது எழுதுற வேகம் இன்னும் குறையும். அதை முதல்ல காலி பண்ணோம். அதுலயே போன் பாதி உயிர் பெற்ற மாதிரி ஆயிருச்சு. பிறகு விர்ச்சுவல் ரேமை 2 ஜிபிக்கு ஆன் பண்ணி, ஒரு டம்மி ஃபார்மை நிரப்பி, வேணும்னே கேமரா பட்டனைத் தட்டினோம். ஃபார்ம் தப்பிச்சிருச்சு. ஆனா ரொம்ப நேரம் கழிச்சு யுபிஐ ஆப்புக்குத் திரும்பினா, விரல் வெச்சதுக்கும் திரை அசையிறதுக்கும் நடுவுல ஒரு தயக்கம். கடையில ஆள் நிக்கும்போது சித்திக்கு அந்தத் தயக்கம் ஆகாது. "எய்யா, எனக்கு ஒரே ஒரு ஆப்பு பட்டுனு திறந்தாப் போதும்"னுட்டாங்க. ஆஃப் பண்ணிட்டோம். தங்கச்சிக்கு ஏதாவது பெரிய அப்ளிகேஷன் வேலை வந்தா அவளே ஆன் பண்ணிக்கிறா. 16 ஜிபி போன் பேச்சு அத்தோட நின்னுச்சு.

உங்களுக்கு எப்படி? செட்டிங்ஸ் மேல இருக்குற தேடல் கட்டத்துல ரேம்னு ஆங்கிலத்துல டைப் பண்ணுங்க. வசதி இருந்தா வந்துரும். மாத்தினா பெரும்பாலும் போனை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லும்.

8 ஜிபி அல்லது அதுக்கு மேல நிஜ ரேம் இருந்தா, ஆஃப்ல வெச்சாலும் பெருசா எதையும் இழக்க மாட்டீங்க. 4-ல இருந்து 6 ஜிபி, ஸ்டோரேஜ் யுஎஃப்எஸ், இடமும் தாராளமா இருந்தா, ஆன் பண்ணுங்க. 2 ஜிபியோ 4 ஜிபியோ போதும், இருக்குற அளவு முழுக்க இழுத்து விட வேண்டாம். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. 3, 4 ஜிபியோட இஎம்எம்சி இருந்தா, முதல்ல ஸ்டோரேஜைக் காலி பண்ணுங்க, தேவையில்லாத ஆப்பைத் தூக்குங்க. அதுக்கப்புறமும் ஆப் மறந்து போயிட்டே இருந்தா மட்டும் ஆன் பண்ணுங்க. தயக்கம் கூடினா ஆஃப் பண்ணிருங்க.

ரேம் பூஸ்டர்னு ஒரு பட்டன் வெச்ச ஆப் எல்லாம் இருக்கே, அது வேண்டவே வேண்டாம். அது பண்றது கில்லரோட வேலைதான், ஆனா எந்த ஆப் முக்கியம்னு தெரியாமப் பண்ணும். கொன்ன ஆப்பை மறுபடி முதல்ல இருந்து திறக்க புராசஸரும் பேட்டரியும்தான் செலவாகும். நிரம்பின ரேம் கெட்ட ரேம் இல்லீங்க. சும்மா கிடக்குற ரேம்தான் வீண்.

புதுசா வாங்கப் போறவங்க கடைக்காரர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. கூட்டல் குறிக்கு முன்னாடி இருக்குற நம்பர் என்ன? ஸ்டோரேஜ் இஎம்எம்சியா, யுஎஃப்எஸ்ஸா? எத்தனை வருஷம் அப்டேட் வரும்? ரெண்டாவது கேள்விக்கு அவர் முழிச்சா, கம்பெனி வெப்சைட்ல அந்த மாடலைப் போட்டு நீங்களே பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. 4 + 4 போனும் 6 ஜிபி போனும் ஒரே விலையில வந்தா, 6-ஐ எடுங்க.

உங்க வீட்டுல அம்மா, அப்பா, சித்தி, பெரியப்பா யாராவது "போன் ஸ்லோவாயிருச்சு, மாத்தணும்"னு சொல்லிக்கிட்டிருந்தா, இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. கேள்வி இருந்தா எழுதுங்க. எழுதும்போது போன் மாடல், ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ்ல எவ்வளவு காலியா இருக்கு, இந்த மூணையும் சேர்த்துச் சொல்லுங்க, பதில் சொல்ல வசதியா இருக்கும். அடுத்த எபிசோட்ல பேட்டரியைப் பத்திப் பேசுவோம். வரட்டா!